அலாரத்தின் முகம்

“வெட்டாத படத்தக் காட்டுங்க சார்.”

கேட்டே விட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அச்சு இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் குரலை ஏற்றி, ஒரே ஒரு புத்திதான் சொல்லியிருந்தார். “லேட்டா வரியா, போன் பண்ணு. தாளக் கெடுத்துட்டியா, வந்து சொல்லு, திட்டுவேன், அதோட முடிஞ்சுது. ஆனா படம் எடுத்தவங்ககிட்ட முழுப் படம் எங்கன்னு மட்டும் கேட்டுடாத. அவங்க வெட்டிக் குடுக்கறதுதான் நமக்குப் படம். மிச்சத்துல என்ன இருந்தா நமக்கென்ன?” ஏழு மாதமாக அவளும் கேட்டதில்லை.

படக்காரர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் இல்லாதபோது அந்த அச்சுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் படக்காரர்; இருக்கும்போது சார். தெருவில் படுத்துக் கிடப்பவர்களை மட்டும்தான் எடுப்பார். நாற்பது படம் சேர்த்துக் கண்காட்சி வைக்கப் போகிறார். முப்பத்தொன்பதை அவள்தான் கணினியில் சரிசெய்திருந்தாள்: தூசி எடுத்து, நிறம் கூட்டி, குதிகால் வெடிப்பு இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தெரிகிற மாதிரி நிழலை இழுத்துவிட்டு. மிச்சமிருந்தது இந்த நாற்பதாவது. இதுதான் தலைப்படம். கண்காட்சிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் மூன்று மாடி உயரத்துக்குத் தொங்கப் போகிறது. ஊரிலுள்ள பஸ் நிறுத்தங்களில் எல்லாம் ஒட்டப் போகிறார்கள். மாலை ஆறு மணிக்கு அச்சு ஓடத் தொடங்க வேண்டும்.

அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம்.

“எதுக்கு முழுப் படம்?” என்றார் படக்காரர்.

“இது பகல்ல எடுத்தது சார். மூக்கு நிழல் நேரா உதட்டு மேல விழுது. உச்சி வெயில். நீங்க ராத்திரியாக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க.”

“ஆக்கு. உன் கையில இருட்டு நல்லா வருதுன்னு உங்க முதலாளி பெருமையடிச்சுக்கறாரே.”

“ஆக்கிடலாம். ஆனா இவங்க முகத்த மூடாம தூங்கவே மாட்டாங்க.”

“காத்துல விலகியிருக்கும்.”

“விலகாது. ஒரு முனைய தலைக்கு அடியில செருகிப்பாங்க, இன்னொரு முனைய காலுக்கு அடியில. பார்சல் கட்டின மாதிரி. எந்தக் காத்துக்கும் விலகாது. யார் விலக்கினது?”

படக்காரர் தன் சட்டைக் கையை நீவிக்கொண்டார். அது ஒரு வினோதமான சட்டை. கசங்கினது போலத் தெரிய வேண்டும், ஆனால் இஸ்திரி போட்டிருக்க வேண்டும். அப்படிப் போடத் தெரிந்த ஒரே ஆள் இந்த ஊரில் அவளுடைய அம்மாதான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இப்போது வேறொன்று சொன்னார். “உங்கம்மா உன்கிட்ட எதுவும் சொல்லலியா?”

அவள் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினாள்.

அதற்குள் முதலாளி ஓடிவந்துவிட்டார். “ஏய் டிகிரி! என்ன சொல்லி வச்சிருக்கேன் உனக்கு? சார், நீங்க வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம். பட்டம் வாங்கினா இப்படித்தான் சார், வாய்க்கு மூடி இருக்காது.”

டிகிரி என்பது அவளுக்கு அந்தக் கூடத்தில் வைத்த பெயர். வம்சத்திலேயே முதல் பட்டம் என்று சேர்ந்த அன்றைக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் வெளியே போனதும் திரையில் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்தில் போர்வையின் மடிப்பு பதிந்த தடம் இன்னும் மறையவில்லை. துணி விலகிக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்கவில்லை என்று அந்தத் தடமே சொன்னது.

படத்தில் இருந்தவளை எல்லோரும் அலாரம் என்பார்கள். அம்மாவின் இஸ்திரி வண்டி நிற்கிற நடைபாதையில் நான்கு வருஷமாக இருக்கிறாள். ராத்திரி முழுக்க முழித்திருப்பாள். தெருவில் தனியாகக் கிடக்கிற பெண் ராத்திரியில் தூங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முழித்திருப்பதையே ஒரு வேலையாக்கிக்கொண்டாள். பேப்பர் பிரிக்கிறவர்கள், பால்வண்டிக்காரர், முதல் பஸ் நடத்துநர், ஆஸ்பத்திரி ஷிப்டுக்குப் போகிற ஆயாக்கள் எல்லோரும் முந்தின சாயங்காலமே வந்து நேரம் சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்ன நேரத்துக்குப் போய் ஜன்னலைத் தட்டுவாள். ஒரு நாளும் தப்பியதில்லை. வெயில் ஏறியதும் வண்டிக்குப் பின்னால், அம்மா கட்டிவிட்ட படுதாவின் நிழலில், தன்னைப் பார்சல் கட்டிக்கொண்டு படுப்பாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்திருப்பாள். அதுவரை வண்டிக்கு அவள் காவல், அவளுக்கு வண்டி காவல்.

முகத்தை மூடுவதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். இடது மணிக்கட்டை முறுக்கி ஒடித்தது அவன்தான். அது கோணலாகவே கூடிவிட்டது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான் என்று இந்த நான்கு வருஷத்தில் இரண்டு முறை காதுக்கு வந்திருக்கிறது. “கெடச்சா இந்தத் தடவ கையோட விடமாட்டான்க்கா” என்று அம்மாவிடம் சொல்லும்போது இவளும் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“படமெல்லாம் இருக்கற டிஸ்க்க மறந்துட்டுப் போயிட்டாரு பாரு உங்காளு” என்று ஒரு குரல் வந்தது.

அட்டை வெட்டுகிறவர். அரைமில்லி என்று பெயர். சட்டத்துக்குள் வைக்கிற அட்டையை அரை மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டுவார். மற்ற விஷயங்களிலும் அளவு மீறிப் பேசமாட்டார்.

“மறந்துட்டாரா, விட்டுட்டுப் போனாராண்ணே?”

“எனக்கென்ன தெரியும். நான் அட்டை வெட்டறவன். டீ குடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். நம்ம முதலாளி குடும்பக் கதை ஆரம்பிச்சா இருபது.”

“கதவப் பாத்துக்கறீங்களா?”

“நான் கதவெல்லாம் பாக்கமாட்டேன். கதவுகிட்ட நின்னு அட்டை வெட்டுவேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.”

டிஸ்க்கைத் திறந்தாள். அந்தத் தேதியில் பதினொரு படம் இருந்தது.

முதல் படத்தில் அலாரம் பார்சலாகத்தான் கிடந்தாள். ஒரு நீளத் துணிமூட்டை. பக்கத்தில் வண்டிச் சக்கரம். இரண்டாவதில் இடப்பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு, தலைக்கு அடியில் செருகிய முனையை இழுத்துக்கொண்டிருந்தது. மணிக்கட்டின் உள்பக்கம் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு சுட்ட தழும்பு, தெளிவாக, முக்கோணமாக.

அந்தத் தழும்புக்கு மருந்து போட்டவளே இவள்தான்.

இது இல்லாமலிருக்கட்டும் என்று அடுத்ததைத் தட்டினாள். மூன்றாவதில் துணி பாதி மேலே போயிருந்தது. நான்காவதில் படக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்திருக்க வேண்டும். அதில் எல்லாமே இருந்தது. வண்டி, படுதா, வெயில், அலாரத்தின் முகம், துணியைச் சுருட்டிப் பிடித்தபடி குத்தவைத்திருக்கும் அம்மா. அம்மா கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோ என்றால் கொஞ்சம் சிரிக்க வேண்டும் என்கிற மாதிரி கொஞ்சம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, ஆளு தெரியுதா?” என்றார் அரைமில்லி, அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“தெரியுது.”

“உன் மூஞ்சியப் பாத்தா நல்லாவே தெரிஞ்ச ஆளு போலிருக்கு.”

நான்காவது படத்தைச் சிறிய தாளில் அச்சுக்கு அனுப்பினாள். அது வெளியே வந்து விழவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. அரைமில்லி கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு முறை பெரிதாக இருமினார். நேரம் கடந்த இருமல்.

படக்காரர் தாளைப் பார்த்தார். கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பாடம் நடத்துகிற மாதிரி உட்கார்ந்தார்.

“பாத்துட்ட. நல்லது. ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இருபது வருஷத்துல நான் யார் போர்வையையும் தொட்டதில்ல. ஒரு தடவகூட. அது எனக்குக் கொள்கை.”

“அதனால எங்கம்மாவத் தொட வச்சீங்க.”

“டிகிரி!” என்றார் முதலாளி.

“பரவால்ல, பேசட்டும். ஏம்மா, மூடிக் கிடந்தா அது துணி மூட்ட. துணி மூட்டைய எவன் நின்னு பாப்பான்? முகம் வேணும். கண்ணு, வாய், அந்தக் கன்னத்து மடிப்பு வேணும். போன கண்காட்சிக்கு அப்புறம்தான் ரெண்டு தங்குமிடம் தொறந்தாங்க. தெரியுமா உனக்கு?”

தெரியும். அது பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது. முழுப் பொய்யனாக இருந்திருந்தால் சுலபமாகத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

“அவங்க ஒளிஞ்சிருக்காங்க சார். புருஷன் தேடறான்.”

“நான் எடுத்தவங்கள்ல பாதிப் பேர் யாரோ தேடறாங்கன்னுதான் சொல்வாங்க. தேடறதுக்கு ஆள் இருந்தா ஏன் தெருவுல இருக்கப் போறாங்க?” பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். “கட்டடக்காரங்க புதுசா ஒரு கண்டிஷன். வெளிச்சுவத்துல மாட்டணும்னா சம்மதக் கடிதம் வேணுமாம். கையெழுத்தோ கைநாட்டோ. நெருங்கின சொந்தம் போட்டாலும் செல்லும். உங்கம்மாவ அக்கான்னு போடச் சொல்லி வாங்கிட்டு வந்துடு. ஆறு மணிக்குள்ள.”

“அவங்க அக்கா இல்ல சார்.”

“கூடவே இருக்காங்க, சோறு குடுக்கறாங்க. சொந்தம்னா வேற என்ன?”

முதலாளி அவள் பக்கமாகக் குனிந்தார். “போய் வாங்கிட்டு வா. இந்த வேலையே சார் சொல்லித்தான் உனக்குக் கெடச்சுது. அது ஞாபகமிருக்கட்டும்.”

“எனக்கு மூணு மணி நேரம் டெஸ்ட் வச்சீங்களே?”

“பதினெட்டுப் பேருக்கு வச்சேம்மா. பதினெட்டுப் பேருக்கும் கம்ப்யூட்டர் தெரியும்.”

அவள் தாள் இரண்டையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சோப்பு விளம்பரம் சிரித்தது. நாளைக்கு அந்தச் சட்டங்களில் யார் முகம் இருக்கும் என்று நினைக்க நினைக்க உள்ளங்கை வேர்த்துத் தாள் ஈரமானது.

வெயில் உச்சிக்கு ஏறினால் அம்மா வண்டியை அலாரத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு வெயில் தாழும்வரை வீட்டுக்கு வந்துவிடுவாள். வீடு என்பது முதல் மாடியின் பின்பக்கத்தில் ஒற்றை அறை. கட்டில் முழுக்க ஊரார் துணி. அடுக்கிய சட்டைகள் போய்ச் சேருகிறவரை கட்டிலில் யாரும் உட்காரக் கூடாது. அவள் பட்டம் வாங்கியது தரையில் உட்கார்ந்து படித்துத்தான். மழைக்கு முந்தின புழுக்கம். அம்மா மின்விசிறியைப் போடாமல் மடித்துக்கொண்டிருந்தாள். காற்று பட்டால் மடிப்பு கலையும்.

“என்னடி இந்நேரத்துல? உடம்பு சரியில்லியா? சோறு மூடி வச்சிருக்கேன், கீரை இருக்கு.”

“பசிக்கல.”

“பசிக்காம என்ன, கண்ணு உள்ள போயிருக்கு. கையக் கழுவு.”

அவள் தரையில் படத்தை விரித்து, சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் டம்ளர், தட்டு, சீப்பு, தன் கைப்பேசி என்று வைத்தாள். அம்மா வேர்த்த கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“பரவால்லியே. நல்லாத்தான் விழுந்திருக்கேன்.”

அம்மா இன்னொரு முறை பார்த்தாள். இந்த முறை தன் முகத்தைப் பார்க்கவில்லை. மெல்லக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“உன்கிட்ட காட்டிட்டானா.”

“நானே பாத்தேன். எப்பம்மா இது?”

“உனக்கு வேலை கெடைக்கறதுக்கு முந்தி.”

“எவ்வளவு முந்தி?”

“போலீஸ்காரி மாதிரிக் கேக்காதடி. ஒரு வாரம் முந்தி.” அம்மா ஒரு சட்டையை எடுத்து மடியில் போட்டு, மடித்ததையே மறுபடி மடித்தாள். “சட்ட குடுக்க வந்தாரு. பொண்ணு என்ன படிச்சிருக்குன்னாரு. சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச எடம் இருக்கு, சொல்றேன்னாரு. போறப்போ, அந்தப் பொம்பளையோட முகத்த ஒரு தடவ பாத்தா போதும்னாரு. நீ வேலையில்லாம ரெண்டு வருஷம் இந்த மூலைல உக்காந்து சுவத்தப் பாத்துட்டிருந்தியே, அதப் பாத்தவ நானு. வேற எவளும் பாக்கல.”

“அதுக்கு அவங்க போர்வைய எடுப்பியா?”

“ஒரு நிமிஷம்டி. எடுத்தேன், மூடிட்டேன். அவளுக்குத் தெரியவே தெரியாது.”

“முழிச்சுடுவாங்கன்னு பயமா இல்ல?”

அம்மா நிமிர்ந்தாள். “என் கை பட்டா அவ முழிக்கமாட்டா. கரி வாசம் தெரியும் அவளுக்கு. வேற யார் கிட்ட போனாலும் துள்ளி எழுந்துடுவா.” சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது போலிருந்தது. சட்டையைக் கீழே வைத்தாள்.

கீழே தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தை இழுத்துப் போகும் சத்தம்.

“அவ புருஷன் தேடறான்னு தெரிஞ்சும் செஞ்சியேம்மா.”

“நான் யோசிக்காம செய்யல. எங்க வைப்பீங்கன்னு கேட்டுட்டுத்தான் செஞ்சேன். கண்ணாடிக் கதவு போட்ட எடம்னாரு, ஏசி இருக்குமாம், பெரிய மனுஷங்க வந்து பாப்பாங்களாம். அப்ப சரின்னு பட்டுச்சு. நம்மள மாதிரி ஆளுங்க அங்கல்லாம் போவமா? நீ வேலை செய்யற எடத்துக்கே நான் வாசல் தாண்டி வந்ததில்ல. லாரிக்காரன் எந்தக் கண்காட்சிக்கு வரப் போறான்? அதவிடப் பத்திரமான எடம் ஏதுன்னு நெனச்சேன்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“வெளிச்சுவத்துல தொங்கவிடறாங்கம்மா. ரோட்டப் பாத்து. மூணு மாடி உசரம். பஸ் ஸ்டாப்புல எல்லாம் ஒட்டப் போறாங்க. லாரிக்காரன் ரோட்டுலதான போவான்?”

“மூணு மாடியா?” அம்மா அறையின் கூரையைப் பார்த்தாள். அளந்து பார்க்கிறவளைப் போல. “அவ்வளவு பெரிசாவா?”

“மூக்குத்தி ஓட்டை தெரியும். நான்தான் தெரிய வைக்கணும்.”

அம்மா சம்மதக் கடிதத்தை எடுத்தாள். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் கோடு போட்ட இடம் எங்கே என்று அவளுக்குத் தெரியும்.

“இதென்னது?”

“அவங்க சம்மதம். ஆறு மணிக்குள்ள வேணுமாம். நீ அக்கான்னு போட்டாலும் செல்லுமாம்.”

“போடலன்னா?”

“சுவத்துல மாட்ட முடியாது. என் வேலையும் போயிடும்.”

அம்மா யோசித்தாள். அவள் யோசிப்பதை மகளால் முகத்திலேயே பார்க்க முடிந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை. கடைசியில், “மை டப்பா வச்சிருக்கியா?” என்றாள்.

“அம்மா!”

“கத்தாத. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். நாலு வருஷமாச்சு, அவன் வேற எவளையாவது கட்டிக்கிட்டு மறந்திருப்பான். முகம் இப்ப கறுத்து, இளைச்சு, ஆளே மாறிட்டா. சுவத்துல பாத்தா அவளுக்கே அடையாளம் தெரியாது.”

“உனக்குத் தெரிஞ்சுதே. எனக்குத் தெரிஞ்சுதே.”

“அப்ப கேக்கணும்ங்கற.”

“கேக்கணும்.”

“மாட்டேன்னுதான் சொல்வா.”

“சொல்லட்டும்.”

“சொல்லிட்டு மூட்டையக் கட்டிட்டு வேற தெருவுக்குப் போயிடுவா. வேற தெருவுல எங்கடி பகல்ல தூங்குவா? படுதா யாரு கட்டுவா?” அம்மாவின் குரல் ஏறியது. “ரொம்ப நியாயம் பேசறியே. மீதி முப்பத்தொம்பது பேர்கிட்ட யார் போய்க் கேட்டா? அவங்க காலு வெடிப்பெல்லாம் பெருசாக்கினவ நீதான? ‘இன்னிக்கு ஒரு தாத்தா கால நல்லா கொண்டுவந்தேன்மா, முதலாளி கைதட்டினாரு’ன்னு இங்க உக்காந்து சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொன்னியே. அந்தக் கெழவர்கிட்டப் போய்க் கேட்டியா?”

அடி சரியான இடத்தில் விழுந்தது. அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அந்தக் கால்களுக்கு மேலே ஒரு ஆள் இருந்தார் என்பதே நினைவில் வரவில்லை. திரையில் வந்தது கால். அவள் கால் பார்த்தாள்.

“கேக்கல” என்றாள். “இதக் கேக்கப் போறேன்.”

கடிதத்தை அம்மா கையிலிருந்து எடுத்தாள். அம்மா உடனே விடவில்லை, பிறகு விட்டாள். டம்ளரையும் தட்டையும் சீப்பையும் ஒவ்வொன்றாக எடுத்ததும் படம் தானாகச் சுருண்டுகொண்டது.

“அதயுமா எடுத்துட்டுப் போற?”

“அவங்களுக்குப் படிக்கத் தெரியாதும்மா. பாக்கத் தெரியும்.”

“வாயால சொன்னா போதாதா? உன் முகத்த எடுத்திருக்காங்க, பெருசா ஒட்டப் போறாங்க, உனக்குச் சரியான்னு கேளு. அவ மாட்டேன்னா அதோட விட்டுடு. படம் எதுக்கு?”

அவள் வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாலரை. அலாரம் எழுந்திருக்க இன்னும் அரை மணி நேரம். வேகமாக நடந்தால், கண்ணைத் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

அம்மா எழுந்து வந்தாள். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராத குரலில் கேட்டாள்.

“படத்தக் காட்டாத, துணிய எடுத்த கை யாருதுன்னு மட்டும் சொல்லாதடி. அவ ஒருத்திதான் என்ன அக்கான்னு கூப்பிடறா. வேணும்னா அந்தாளோட கைன்னு சொல்லு. நான் அந்த நேரம் வீட்டுக்கு வந்திருந்தேன்னு சொல்லு. என் கண்ணுல்ல.”

மகள் அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். அம்மா அதை மறுகையால் பொத்திக்கொண்டாள்.

அவள் படியிறங்கினாள். மேலிருந்து இன்னொரு முறை கூப்பிடும் குரல் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே முதல் தூறல் விழுந்து தார்ச்சாலை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. படம் நனையாமல் துப்பட்டாவுக்குள் செருகிக்கொண்டு சாலையைக் கடந்தாள். முகத்தை அப்புறம் காட்டலாம், கடிதத்தை அதற்கப்புறம் படித்துச் சொல்லலாம். முதலில் அம்மாவின் கையைத்தான் காட்டப் போகிறாள். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதே அது முடிவாகியிருந்தது.